தரை டிக்கெட் சொன்ன விலை

இரும்புக் கேட் கிறீச்சிட்ட பிறகும் அவள் வீடியோவை நிறுத்தவில்லை.

மூன்றாவது வரிசையில் பூனை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. பாதிக் கொட்டாவியில் நிறுத்தினால் பார்க்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

செல்வமணி டாக்கீஸில் கடைசிப் படம் ஓடி வருடங்கள் ஆயிற்று. திரை கிழிந்து தொங்குகிறது. கூரை ஓட்டை வழியே வெயில் வந்து, புரொஜக்டர் போட்டதுபோல் ஒரே இடத்தில் விழும். அந்த வெளிச்சத்தில்தான் பூனைகள் படுக்கும்.

பால்கனி, பெஞ்ச், தரை டிக்கெட். பூனைகளுக்கு அவள் வைத்த பெயர்கள்.

அவள் அப்பா கட்டிய டாக்கீஸ். மிளகாய் வத்தல் மண்டியில் சம்பாதித்ததைச் சினிமாவில் விடுகிறார் என்று அன்றைக்கு ஊர் சிரித்தது. மகள் பூனையைப் படம் பிடிக்கிறாள் என்று இன்றைக்கும் அதே ஊர் சிரிக்கிறது. சிரித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் பார்த்தும் விடுகிறது.

அவளுக்குமே இது பார்த்து வந்த பழக்கம்தான். ஜப்பானில் ஒரு குண்டுப் பூனை சின்ன அட்டைப்பெட்டிக்குள் தன்னைத் திணித்துக்கொள்ள, இவள் இங்கே வாய்விட்டுச் சிரித்தாள். புருஷன் போன பிறகு வந்த முதல் சிரிப்பு. நம்ம டாக்கீஸில் இல்லாத பூனையா என்று மறுநாளே போனைத் தூக்கிக்கொண்டு டாக்கீஸுக்கு வந்தாள். அப்பா வைத்த பூட்டைத் திறந்தாள்.

துபாயிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான்: பூனை அழகு. பின்னால தெரியுற தூண் என்னோடது. அது மறைச்ச பாதிப் படத்தை இன்னும் பார்க்கல.

சிங்கப்பூரிலிருந்து ஒருத்தி: எங்க சித்தப்பா துண்டைப் போட்டு ஒரு வரிசையையே பிடிச்சு வைப்பார். துண்டு கிடந்தா எவனும் உட்கார மாட்டான். இடிச்சிராதீங்க அக்கா.

இடிக்கத்தான் வந்திருந்தார்கள்.

முன்னால் தரகர் ஜெயக்கொடி, தோளில் துண்டோடு. பின்னால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி மதுரைக்காரர் ஒருவர். இந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டப்போகிறவர். அனுப்பி வைத்தது கோயம்புத்தூரில் இருக்கும் அவள் மகன். பத்திரம் அவள் பெயரில் இருந்ததால், அவனால் அனுப்ப மட்டும்தான் முடிந்தது.

"இன்னைக்கு முடிச்சிருவோம் தங்கச்சி. பூனை தூங்குறதுக்கா உங்கப்பா இம்புட்டுப் பெரிய கட்டடம் கட்டுனாரு?"

"டிக்கெட் எடுக்காம சுவரேறிக் குதிச்சவுகளுக்கும் சேத்துத்தான் கட்டுனாரு அண்ணாச்சி."

ஜெயக்கொடி இருமினார். மதுரைக்காரர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி, விலையைச் சொல்லுங்க," என்றார் மதுரைக்காரர்.

"எங்கப்பா மண்டியில யாரும் விலையை வாயால சொன்னதில்ல. துண்டைப் போடுங்க."

ஜெயக்கொடி விழித்தார்.

துண்டுக்கடியில் கை பிடிப்பது ஆண்களின் காரியம். எத்தனை விரல், எத்தனை அழுத்தம், அதுதான் விலை. சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. பிடித்தவர் வெளியே சொல்லவும் மாட்டார். சொன்னால் அதோடு அவர் தரகர் இல்லை.

ஒரு பொம்பளையின் விரலை எப்படிப் பிடிப்பது?

மதுரைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லை. ஜெயக்கொடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு, துண்டை விரித்தார். இருவர் கைக்கும் மேலாக. உள்ளே மெல்லத் துழாவினார்.

துணிக்கடியில் எது அசைந்தாலும் தரை டிக்கெட்டுக்குப் பொறுக்காது. அவள் வீடியோக்களில் பாதி அதுதான். துபாய் பார்த்தது, சிங்கப்பூர் பார்த்தது.

அவள் தன் கையை வெளியே எடுத்துக்கொண்டாள்.

நாற்காலி முதுகிலிருந்து ஒரு பாய்ச்சல். முன்னங்கால் இரண்டும் துண்டுக்குள்.

ஜெயக்கொடியின் முகம் கோணியது. பழைய ஆள். சத்தம் மட்டும் வரவில்லை.

கையை இழுத்து விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு சொல்றாங்க?" என்றார், அதுவரை கூரை ஓட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மதுரைக்காரர்.

ஜெயக்கொடி துண்டுக்குள் உருளும் பூனையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"கட்டுப்படியாகாது சார்."

"தொகையச் சொல்லுங்க. முன்னப் பின்னப் பேசிப் பாப்போம்."

"அத வெளிய சொல்லப்படாது. தொழில்."

வெளியே கார் கிளம்பிப் போன பிறகும் ஜெயக்கொடி நின்றுகொண்டிருந்தார்.

கிழிந்த திரையைப் பார்த்தார். பால்கனியைப் பார்த்தார். பின்பக்கச் சுவரை, அதன் உயரத்தை, கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"அந்தப் பெஞ்சுப் பூனைக்குக் கால் சரியாயிருச்சா?"

கால் நொண்டிய வீடியோவை அவள் போன மாதம் போட்டிருந்தாள். அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க வழியில்லை.

"குதிக்குது அண்ணாச்சி."

அவர் தலையாட்டினார். பூனையிடமிருந்து துண்டை மீட்டு, ரோமத்தை உதறினார். தோளில் போடப் போனவர் நின்றார். மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம். தூண் மறைக்காத நாற்காலி. அதில் துண்டை விரித்து, ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

இரும்புக் கேட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். தோளில் துண்டில்லாத ஜெயக்கொடியைக் கடைவீதி அன்றுதான் பார்த்தது.

போன் அடித்தது. மகன்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

வெயில் நகர்ந்து துண்டின் மேல் விழுந்திருந்தது. தரை டிக்கெட் அதைச் சுற்றி வந்தது, மோந்து பார்த்தது, பக்கத்து நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

"துண்டு போட்டு சீட் பிடிக்க ஆரம்பிச்சிட்டாங்கடா," என்றாள். "நீ வர்றதுன்னா முன்கூட்டியே சொல்லு."