ஏறினால் நொண்டும் குதிரை

“குளம்புல கல் இல்லை, சீழ் இல்லை, லாடமும் சரியா இருக்கு,” என்று குதிரையின் முன்னங்காலைக் கீழே விட்டார் கால்நடை டாக்டர்.

சவாரிப் பள்ளி முதலாளிக்குத் தலை சுற்றியது. “அப்புறம் ஏன் டாக்டர் நொண்டுது? கையில பிடிச்சு ஓட்டினா ராஜா மாதிரி ஓடுது. என் பொண்டாட்டி ஏறினா தலையை ஆட்டி ஆட்டி நொண்டுது. என்னைக் கிறுக்கனாக்கத்தான் பார்க்குது. பேசாம வித்துடறேன்.”

“விக்கிறதெல்லாம் வேண்டாங்க,” என்றாள் மனைவி அவசரமாக. “ஞாயித்துக்கிழமை போட்டி முடியட்டும்.”

“நொண்டிக் குதிரையோட என்ன போட்டி?”

டாக்டர் தாடையைச் சொறிந்தார். “நல்லா ஓடுற வேற குதிரை இருக்கா? கொண்டு வாங்க. அம்மா அதுல ஏறட்டும்.”

சீக்கு ஒரு குதிரைக்கு, சோதனை இன்னொரு குதிரைக்கா? ஒன்றும் புரியாமல் முதலாளி தன் வெள்ளைக் குதிரையைப் பிடித்துவந்தார். காலையில் அவரே அதில் சவாரி போய் வந்திருந்தார். மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு ஏறினாள். ஒரு சுற்று முடிவதற்குள் அதுவும் நொண்டியது.

“ஐயோ, இதுக்கும் ஒட்டிக்கிச்சா!”

டாக்டர் அவரைக் கவனிக்கவில்லை. “எப்போம்மா விழுந்தீங்க?”

அவள் தலைகுனிந்தாள். “போன வாரம். வலது இடுப்புல அடி. அந்தப் பக்கம் உட்காரவே முடியலை, பாரமெல்லாம் இடது பக்கமே போகுது. சொன்னா இவர் போட்டிக்கு விடமாட்டார்.”

“அப்போ என் குதிரைக்கு ஒண்ணுமில்லையா டாக்டர்?” முதலாளியின் முகம் மலர்ந்தது.

“ஒண்ணுமில்லை,” என்றாள் மனைவி. “எனக்குத்தான் இடுப்பு போச்சு. அதையும் கொஞ்சம் கேளுங்க.”