பேர் சொன்னால் மணி

டிங்!

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்ட சத்தம். அம்மாவின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

வளர்ச்சிக் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கான மையம் அது. சனிக்கிழமை தோறும் நர்ஸ் ஒரு துணிப் பொம்மையைத் தூக்கிப் பிடிப்பாள். ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டுவாள். நெளியாமல் சரியான பேரைச் சொன்னால் மேசைமணியில் ஒரு தட்டு.

சிட்டுவின் அம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"வயசுதாங்க இருபத்திரண்டு. மனசு இன்னும் ஏழு. இவளுக்கு எதுக்கு இந்தக் கண்றாவியெல்லாம்?"

"உடம்புக்கு இருபத்திரண்டுதானேம்மா? யாராவது தொட்டா, எங்கேயாவது வலிச்சா, எங்கேன்னு சொல்லத் தெரிய வேண்டாமா?" என்றாள் நர்ஸ்.

"எனக்கு யாரும் சொல்லித் தரல. நான் பிள்ளை பெத்துக்கலையா?"

அம்மாவின் வீட்டில் இதற்கெல்லாம் மொத்தம் இரண்டே பேர்கள். 'அது'. 'அந்த இடம்'.

சிட்டுவோ படித்ததைக் காற்றில் விடுகிற ஆளில்லை. நெரிசலான பஸ்ஸில் தலையில் ஆரம்பித்து ஒன்று விடாமல் ராகம் போட்டு ஒப்பித்தாள். பாதி வழியில் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார். அம்மா இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

டாக்டர் சர்டிஃபிகேட் இருந்தால்தான் வகுப்பிலிருந்து விலக்கு என்றது மையம். மறுநாளே அம்மா சிட்டுவையும் கூட்டிக்கொண்டு குடும்ப டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா, இந்த வகுப்பு இவளுக்கு ஆகாதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. இவ வாயைத் திறந்தா என் மானம் கப்பலேறுது."

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். "அப்படி என்ன சிட்டு கத்துக்கிட்டே?"

சிட்டுவின் பார்வை மேசையில் இருந்த மணியின்மேல் விழுந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"மூக்கு." டிங்! "தொப்புள்." டிங்! "மார்பு." டிங்!

"போதும்டி, வாயை மூடு!"

"இன்னும் முடியல. அம்மாவோட மார்பு." டிங்! "இடது பக்கம். அதுல கட்டி. குளிச்சிட்டு வந்து, கண்ணாடி முன்னாடி தொட்டுத் தொட்டுப் பார்த்து அழறா. என்னம்மான்னு கேட்டா, ஒண்ணுமில்லேங்கறா. பாவம், அம்மாவுக்குப் பேர் தெரியாது டாக்டர். அதான் நான் சொல்றேன்."

டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"எத்தனை மாசமா?"

அம்மா சுவரைப் பார்த்தாள். "அது... ஒரு எட்டு மாசமா..."

"எது?"

சிட்டு மணிக்கு மேலே விரலை நீட்டியபடி, அம்மாவின் வாயையே பார்த்துக் காத்திருந்தாள்.

"சொல்லும்மா. நான் அடிக்கறேன்."

ஐம்பத்து நான்கு வயதில், முதல் தடவையாக, அம்மா அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னாள்.

டிங்!

டாக்டரம்மா அன்றைக்கு எழுதியது சர்டிஃபிகேட் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓர் அவசரக் கடிதம். இடது மார்பை எடுத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தாறு. சனிக்கிழமை வகுப்பில் மணி அடிப்பது அவள்தான்.