வடகடல் முப்பது, தென்கடல் முப்பது

கழுவி முடித்த பிறகுதான் பீமாராவுக்கு உறைத்தது, எல்லா மீனையும் ஒரே தொட்டியில் கொட்டியிருக்கிறோம் என்று.

ஒரு ஐஸ் பெட்டியில் வடகடல் சாளை முப்பது. இன்னொன்றில் தென்கடல் சாளை முப்பது. பெயரைப் பெட்டியில் எழுதியிருந்தார்கள். மீனில் எழுதவில்லை.

கல்லூரி லேப்பில் பதினெட்டு வருஷ உதவியாளர்தான். ஆனால் வீட்டில் மீன் நுழைந்ததே இல்லை. வெளியிலிருந்து வந்த எதையும் கழுவாமல் ஃபிரிட்ஜில் வைக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். கத்தரிக்காய் வரைக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

ராமேஸ்வரத்துக்கு இருபுறமும் உள்ள கடல்களில் ஒரே இன மீன் காலங்காலமாகப் பிரிந்து வாழ்ந்து, உடம்பிலும் மரபணுவிலும் வேறாகிவிட்டதா? ஆராய்ச்சி மாணவி ரோகிணியின் மூன்று வருஷக் கேள்வி அது. நாளை முதல் மீன்பிடித் தடைக்காலம். இரண்டு மாதம் படகு போகாது. அவள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியது அடுத்த மாதம்.

பீமாராவ் அறுபது மீனையும் உற்றுப் பார்த்தார். அறுபதும் அவரை ஒரே மாதிரி பார்த்தன.

ரோகிணியிடம் மூச்சுவிடாமல், மீனோடு கரிமேடு மீன் மார்க்கெட்டுக்கு ஓடினார். அங்கே மீன் விற்கும் செல்லக்கிளி, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்துக்காரி, கடல் தெரிந்தவள்.

அவள் முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் மீனை. கால் மணி நேரத்தில் பிரித்துவிட்டாள்.

"இது தென்கடல், இது வடகடல். கெளம்புங்கண்ணே."

சாயங்காலம் ரோகிணி அளந்தாள். அளந்து முடித்ததும் கத்தினாள்.

"அண்ணே, தென்கடல் மீனுக்குத் தலை பெருசு! முப்பதுல ஒண்ணுகூடத் தப்பல!"

உசிலம்பட்டியிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதாள். பீமாராவுக்கும் கண் கலங்கியது.

பாதிக் கலக்கத்தில் குழப்பம் வந்தது. ஒன்றுகூடவா? பதினெட்டு வருஷத்தில் அந்த லேப்பில் எந்தக் கணக்கும் இவ்வளவு ஒழுங்காக வந்து அவர் பார்த்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் செல்லக்கிளி முன்னால் போய் நின்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"கைக்குத் தெரியும்ணே" என்றாள்.

மறுபடி கேட்டார். கண்ணுக்கும் தெரியும் என்றாள்.

மூன்றாம் முறை கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எந்தக் கடலுன்னு எனக்கென்னண்ணே தெரியும்? நீங்க அழுதிருவீக போல நின்னீக. தலை பெருசா இருந்த முப்பத இந்தப் பக்கம் போட்டேன், மிச்சத்த அந்தப் பக்கம் போட்டேன்."