கதவுக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர்

“ஒரு ஆளை அறையறதுக்கு இவ்ளோ பெரிய மிக்ஸரா?” என்று ஒலிக்கருவிக் கடைக்காரர் ஒருமுறை அவளிடம் கேட்டார்.

“அறை மட்டும் இல்லண்ணே. குத்து, உதை, எலும்பு முறியறது எல்லாம் இருக்கு” என்றாள் அவள். பக்கத்தில் நின்று ஒயர் வாங்கிக்கொண்டிருந்தவர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

அவள் ஒரு நாடகக் குழுவில் ஒலி போடுகிறவள். ‘சவுண்டு’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பழைய மிக்ஸரில் ஒரு சத்தத்தைக் கூட்டினால் அரங்கத்து ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து அலறும். அவளுக்கு வேண்டியது ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் தனி வழி. இடி மேலேயிருந்து விழ வேண்டும், அடி கதவுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும்.

நாடகமே அந்த அடியை நம்பித்தான் இருந்தது. கணவன் மனைவியை உள்ளறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்துவான். அப்புறம் சபைக்குத் தெரிவது மூடிய கதவு மட்டும்தான்.

நடித்தவர்கள் நிஜத்திலும் கணவன் மனைவி. உள்ளே போனதும் ஹீரோ தண்ணீர் குடிப்பார், சவுண்டு ‘அக்கா’ என்று கூப்பிடும் அவர் மனைவி முகத்தில் சிவப்புச் சாயம் பூசிக்கொள்வாள். அடிப்பதெல்லாம் சவுண்டுதான். ஈரத்துணியை மேசையில் ஓங்கி அடித்தது அறை, முட்டைக்கோசைக் குத்தியது குத்து, கேரட்டை முறித்தது எலும்பு. எல்லாம் அவள் முன்பே பதிவுசெய்து வைத்தவை.

வீட்டில் கேரட்டுக்கு வேலையில்லை. அது குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

“நேத்து ஏதாச்சும் கேட்டுச்சான்னு பக்கத்து வீட்டுல கேட்டேன்” என்று அக்கா ஒருநாள் வீங்கிய உதட்டோடு சிரித்தாள். “டிவி சத்தந்தான் ஜாஸ்தியா இருந்துச்சுன்னாங்க. கை ஓங்கறதுக்கு முன்னாடி அந்தாளு ரிமோட்டைத்தான் எடுப்பாரு.”

புதிய மிக்ஸரின் முதல் ஆட்டம், அக்காவுக்குக் கடைசி ஆட்டமாக இருந்தது. வேறு ஊர்க் குழுவில் சேரப்போவதாக டைரக்டரிடம் சொல்லிவிட்டாள். ஒப்பனை அறை மூலையில் அவள் பெட்டி தயாராக நின்றது.

ஹீரோ கண்ணாடியைப் பார்த்து ஒட்டுமீசையை அழுத்திக்கொண்டே பேசினார். “போயிடுவியா நீ? இன்னிக்குக் கதவுக்குப் பின்னாடி வருவல்ல, அங்க வெச்சு உன் காலை ஒடிக்கறேன். எப்படியும் அங்கேருந்து அடிக்கற சத்தம்தானே வரணும்? எவனுக்குத் தெரியப்போகுது?”

ஒயர் இழுக்க வந்த சவுண்டு அதைக் கேட்டுவிட்டாள். அக்காவை ஓரமாக இழுத்துப்போனாள். “டைரக்டர் சார்கிட்ட சொல்லிடலாம்க்கா.”

“ஆட்டம் முடியட்டும்பாரு. அவருக்கு ஆட்டம்தான் முக்கியம். நீ எனக்கு ஒண்ணு பண்ணு. கதவு ஸ்பீக்கரை மட்டும் தனியா ஏத்தலாம்னு சொன்னல்ல? நல்லா ஏத்திடு. நான் வெளிய வர்ற வரைக்கும் எறக்காத.”

“பக்கத்துலயே நிப்பீங்க, காது கிழிஞ்சிடும்க்கா!”

“பழகின சத்தம்தான்டி.”

கடைசி ஆட்டத்தில் தன் அலறல் சபைக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அக்கா நினைக்கிறாள் போலும். சவுண்டு தலையை ஆட்டினாள்.

ஆட்டத்தில் அந்த இடம் வந்தது. ஹீரோ அக்காவின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்தார். கதவு சாத்திக்கொண்டது. சபைக்குப் பின்னால் இருந்த ஒலிக்கூண்டில் உட்கார்ந்து, சவுண்டு கதவு ஸ்பீக்கரை முழுக்க ஏற்றிவிட்டாள்.

அறை. இன்னொரு அறை. குத்து, குத்து, சுவரில் மோதும் உடம்பு. முன்வரிசையில் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

திடீரென்று கதவு ஆடியது. அது வெறும் பலகைக் கதவு, ஆடாமலிருக்கப் பின்னால் கனமான முட்டுக்கட்டை கொடுத்திருப்பார்கள். அது எப்படி ஆடும்?

ஒரு நொடி சத்தத்தை இறக்கினால் உள்ளே நடப்பது கேட்டுவிடும். சவுண்டின் விரல் மிக்ஸரின் மேல் போனது. எறக்காத என்றாளே. உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே பிடித்திருந்தாள். கேரட் முறிந்தது.

கதவு திறந்து அக்கா தள்ளாடி வந்தாள். முகமெல்லாம் சிவப்பு. அது சாயமா ரத்தமா என்று அத்தனை தூரத்திலிருந்து தெரியவில்லை. மேடை நடுவில் அவள் மண்டியிட, திரை விழுந்தது. கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

டைரக்டர் மூச்சிரைக்கக் கூண்டுக்கு ஓடி வந்தார். “அடின்னா இதுல்ல அடி! எனக்கே முதுகு வலிக்குது போ. ஆமா, ஹீரோ எங்க? வணக்கம் சொல்ல வரச்சொல்லு.”

சவுண்டு மேடைக்குப் பின்னால் ஓடினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா எதிரே வந்தாள். நடந்தபடியே ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. சவுண்டின் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டுத் தெருக்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் முட்டுக்கட்டை தரையில் கிடந்தது. அதன் பக்கத்தில் ஹீரோ, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தார். உதடு கிழிந்து, ஒட்டுமீசை கன்னத்தில் தொங்கியது.

“நான் அவ்ளோ கத்துனேனே... ஒருத்தருக்குமா கேக்கல?”

சவுண்டு குனிந்து ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றினாள். அதைக் கையில் சுற்றிக்கொண்டே வெளியே போனாள்.