நம்பிக்கையான விரல்

"உசுரு போவுதே டாக்டரம்மா!" கட்டிலில் கிடந்தவர் அலறினார். உடன்குடிக்கு விருந்துக்குப் போன இடத்தில் கொதிக்கிற கருப்பட்டிப் பாகு கொட்டி, இரண்டு கை விரல்களும் வெந்துவிட்டன.

"மார்ஃபின் போட்டா வலி அடங்கிரும். எடுத்துட்டு வாங்க" என்றார், அன்று காலைதான் அந்த மருத்துவமனையில் சேர்ந்திருந்த டாக்டர் ஸமீஹா.

நர்ஸ் முத்துராணி நகரவில்லை. "அது புது அலமாரில இருக்கு டாக்டர். யாரும் போதைக்குத் திருடிரக் கூடாதுன்னு போன வாரந்தான் வாங்குனாவ. சாவி கெடையாது. மருந்து ஸ்டோர் பலவேசம் அண்ணாச்சி கைரேகை வச்சாத்தான் திறக்கும்."

"வேற யார் ரேகையையும் பதியலையா?"

"பெரிய டாக்டரே கேட்டாவ. ஒருத்தரையும் நம்ப முடியாதுன்னு அண்ணாச்சி ஒத்துக்கிடல."

"மனுஷன் இங்க துடிக்கிறார், இதுல என்ன வீறாப்பு? அவரை உடனே வரச் சொல்லுங்க."

அலறல் சட்டென்று நின்றது.

"எங்க இருந்து வரச் சொல்ல? இந்தா கெடக்காவல்லா, இவுகதான் பலவேசம் அண்ணாச்சி."

டாக்டர் அந்த வெந்த விரல்களைப் பார்த்தார்.

"தாயி, அந்தச் சனியன ஒடைச்சிரு!" என்று கதறினார் பலவேசம்.

"ஒடைச்சா தானாவே போலீசுக்குப் போன் போயிரும்னு நீங்கதான அண்ணாச்சி பெருமையாச் சொன்னிய?"