நான்கு செங்கல்

அட்டையில் அடுத்த சொல், மேட்டுக்குடி.

அவள் பேனாவை மூடி வைத்தாள். மறுபடி திறந்தாள்.

அகராதி அலுவலகத்தின் ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. நேற்றிலிருந்து விடவில்லை. சென்னையிலேயே இந்தக் கதி என்றால் ஊரில் கேட்கவே வேண்டாம்.

பொருள் என்ற கட்டத்தில் எழுதினாள்: செல்வமும் செல்வாக்கும் உள்ளவர்கள்.

அதற்குக் கீழே, சொல் வந்த வழி.

"மேடு, குடி. ரெண்டையும் சேர்த்துப் போட்டுட்டு அடுத்த அட்டைக்குப் போம்மா. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் எதிர் மேசைத் தணிகாசலம் சார்.

என்ன இருக்கிறது.

அவளுக்கு எட்டு வயதில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. கீழே இருந்த அவர்கள் தெரு மொத்தமும் மேட்டுத்தெருவுக்கு ஏறியது. மாட்டுக்கொட்டகையில் மூன்று நாள்.

அங்கே மண் காய்ந்திருந்தது.

அந்த மண்மேல் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். இங்கேயே இருந்துவிடலாமா என்று அம்மாவைக் கேட்டாள்.

அம்மா அவள் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். துவட்டத் துவட்ட வலித்தது.

நாலாம் நாள் வெள்ளம் வடிந்து இறங்கினார்கள். இறங்கி முடிக்கும்வரைகூட மேலே யாருக்கும் பொறுக்கவில்லை. குடம் குடமாக ஊற்றிக் கழுவினார்கள். மாடு கட்டுகிற இடத்தை.

கழுவிய தண்ணீர் சரிவில் ஓடிவந்தது. அவள் பாதத்தை நனைத்துவிட்டு, அவர்களை முந்திக்கொண்டு தெருவுக்குள் போனது.

பட்டம் வாங்கிய அன்று அம்மாவிடம் அவள் கேட்டது ஒரே ஒரு சத்தியம். செத்தாலும் அந்த மேட்டில் கால் வைக்கக் கூடாது.

அம்மா சிரித்துக்கொண்டே கையில் அடித்துக் கொடுத்தாள்.

கைபேசியை எடுத்தாள்.

"தண்ணி வந்திருச்சாம்மா?"

"வாசப்படி தாண்டி வந்து உக்காந்திருக்கு, சம்பந்தி வீட்டு ஆளாட்டம். கட்டில் காலுக்கு நாலு நாலு செங்கல் குடுத்து நான் மேல ஏறிட்டேன்."

"மத்தவங்கள்லாம்?"

"அஞ்சலை ஆட்ட ஓட்டிகிட்டு அப்பவே மேட்டுக்குப் போயிட்டா. தெருவுல ஒரு குஞ்சு இல்ல."

"நீயும் போம்மா."

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது.

"அம்மா. போ. நான்தான் சொல்றேன்ல."

"சத்தியம் வாங்குனவளும் நீதான்டி." அம்மா சிரித்தாள். "நாலு செங்கல் இருக்குல்ல. நீ வேலையப் பாரு."

பேச்சு அறுந்தது.

மறுபடி அழைத்தாள். மணி போகவில்லை. மறுபடி. மறுபடி.

மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றி, வெறும் காலைத் தரையில் வைத்தாள். மூன்றாம் மாடித் தரை.

காய்ந்திருந்தது.

"சார்" என்றாள். "ஒரு செங்கல் எவ்வளவு உயரம் சார் இருக்கும்?"

அவர் நிமிரவில்லை.

"எந்தச் சொல்லுக்கும்மா?"