வளர்கிற பையனுக்கு ஒரு சைக்கிள்

சைக்கிள் விஷயத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்பது என் எண்ணம். அதனால்தான் பிளஸ் ஒன் படிக்கிற என் மகன் சரத், "நீங்களே பாத்து வாங்கிட்டு வாங்கப்பா" என்று எங்கள் ஊர் இண்டூரிலேயே நின்றுகொண்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

தருமபுரியில் கடைக்காரர் முனிராஜிடம் சொன்னேன். "வளர்ற பையனுங்க. இப்பவே என் உயரம் இருக்கான். ஒரு சைஸ் பெருசா குடுங்க. எங்கப்பா எனக்குச் சட்டையே அப்படித்தான் எடுப்பாரு."

"பெரிய சட்டை போட்டுக்கிட்டா கீழ விழமாட்டோம். இது சைக்கிளுங்க. நீங்களே ஏறி உக்காருங்க."

ஏறினேன். என் கால் தரையில் ஊன்றும்வரை சீட்டை இறக்கினார். பிறகு அந்தச் சீட்டையே கழற்றிவிட்டு அகலமான ஒன்றை மாட்டினார்.

"பையன் ஒல்லிங்க" என்றேன்.

"வளர்றாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

மினி ஆட்டோவில் ஏற்றி வீட்டில் இறக்கினேன். "ஏறிப் பாருடா."

சரத் அவன் அம்மாவைப் பார்த்தான்.

"அவனுக்கு அடுத்த வாரம் ஸ்கூல்லயே கவர்மெண்டு சைக்கிள் குடுக்கறாங்க" என்றாள் என் மனைவி கோகிலவாணி. "சுகருக்கு தினமும் சைக்கிள் மிதிக்கணும்னு டாக்டர் உங்ககிட்டதானே சொன்னாரு. உங்களுக்குன்னா கடைப் பக்கமே போயிருக்க மாட்டீங்க. முனிராஜ் அண்ணன்கிட்ட நேத்தே போன்ல சொல்லிட்டேன்."

'வளர்ற பையன்' என்று நான் சொன்னபோது முனிராஜ் ஏன் என் தொப்பையையே பார்த்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.